நோட்டோட கடைசிப் பக்கம்: கடலுக்குக் கணக்கு எழுத முடியுமா?

இன்னைக்கு எபிசோட் முழுக்கக் கணக்கு. பயப்படாதீங்க, சூத்திரம் எதுவும் இல்லை. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

எங்க அம்மா ஒரு நோட்டு வச்சிருக்காங்க. முன்பக்கத்துல இருந்து வரவு செலவு. பால், கேஸ், கரண்ட் பில், சீட்டுப் பணம். நோட்டைத் திருப்பிப் போட்டா, கடைசிப் பக்கத்துல வேற கணக்கு. எந்த நகை எத்தனை சவரன், எது பீரோவுல இருக்கு, எது அடகுக் கடையில இருக்கு, வட்டி எப்போ கட்டணும். நான் காலேஜ் சேர்ந்த மாசம் முன்பக்கத்துல பெரிய வரவு ஒண்ணு இருந்துச்சு. அதை மட்டும் பார்த்தா எங்க வீட்டுல ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி தெரியும். கடைசிப் பக்கத்துல ரெட்டை வடச் சங்கிலிக்கு நேரா 'வித்தாச்சு'ன்னு எழுதியிருந்துச்சு.

நாம தினமும் நியூஸ்ல கேக்குற ஜிடிபி, நாட்டோட நோட்டுல முன்பக்கம். ஒரு வருஷத்துல நாட்டுக்குள்ள எவ்வளவு உற்பத்தி ஆச்சு, எவ்வளவு வருமானம் வந்துச்சுன்னு சொல்லும். எதை வித்து வந்துச்சு, கையில மிச்சம் என்ன இருக்குன்னு சொல்லாது. இது புதுசாக் கண்டுபிடிச்ச குறை இல்லை. 1934-ல அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக நாட்டு வருமானத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, இந்த ஒரு எண்ணை வச்சு மக்கள் நல்லா இருக்காங்களான்னு முடிவு பண்ணாதீங்கன்னு அதே அறிக்கையில எழுதி வச்சார். எண்ணை எடுத்துக்கிட்டாங்க, எச்சரிக்கையை விட்டுட்டாங்க.

சரி, இதுல கடல் எங்க வருது? அதுக்கு நாம ஒடிசா போகணும்.

1999 அக்டோபர் 29. ஒடிசாவைப் பெரும்புயல் தாக்குச்சு. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தாங்க. அந்தக் கடற்கரையில பிதர்கனிகான்னு ஒரு இடம். இந்தியாவுல சுந்தரவனம் மாதிரி பெரிய அலையாத்திக் காடுகள்ல அதுவும் ஒண்ணு. நம்ம பிச்சாவரத்துல படகுல போயிருப்பீங்களே, அந்த மாதிரி வேரெல்லாம் தண்ணிக்கு மேல நிக்கிற காடு.

புயலுக்கு அப்புறம் இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ருச்சி படோலா, எஸ்.ஏ. ஹுசைன் ரெண்டு பேரும் அந்தப் பக்கம் மூணு கிராமங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஒரு கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவுல அலையாத்திக் காடு. இன்னொண்ணுல காடு இல்லை, ஆனா கடல் தண்ணி வராம இருக்க மண்கரை போட்டிருந்தாங்க. மூணாவதுல காடும் இல்லை, கரையும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு, பயிர், ஆடுமாடுன்னு எவ்வளவு நஷ்டம்னு விசாரிச்சாங்க. 2005-ல வெளியான அந்த ஆய்வுல இருக்குற எண்களைச் சொல்றேன். நிதானமாக் கேளுங்க.

காடு இருந்த கிராமத்துல ஒரு குடும்பத்துக்குச் சராசரி நஷ்டம் 33 டாலர். அன்னைய மதிப்புல சுமார் 1,400 ரூபா. ஒண்ணுமே இல்லாத கிராமத்துல 44 டாலர். கரை கட்டின கிராமத்துல 153 டாலர், அதாவது சுமார் 6,600 ரூபா.

முதல் தடவை படிச்சப்போ அச்சுப்பிழைன்னு நினைச்சேன். பாதுகாப்புக்குன்னு கட்டின கரை இருந்த ஊர்லதான் ஒண்ணுமே இல்லாத ஊரை விட மூணு மடங்குக்கு மேல நஷ்டம். காரணம் ரொம்பச் சாதாரணம். கரை உடைஞ்சு கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு. வந்த தண்ணி வெளிய போக வழியில்லை, மிச்சக் கரை மறிச்சுக்கிட்டு நிக்குது. வயல்ல உப்புத் தண்ணி தேங்கிடுச்சு.

இப்போ இந்த மூணு ஊரையும் முன்பக்கக் கணக்குல எழுதிப் பாருங்க. கரை கட்டுனப்போ கூலி, மண், லாரி எல்லாம் ஜிடிபி. கரை நாட்டோட மூலதனச் சொத்துப் பட்டியல்ல ஏறும். புயலுக்கு அப்புறம் உடைஞ்ச கரையைத் திரும்பக் கட்டுனா அதுவும் ஜிடிபி. இடிஞ்ச வீட்டைத் திரும்பக் கட்டுறதும் அப்படித்தான். அந்தக் காடு? அதுல பிடிச்ச நண்டும் மீனும் விலை போனா அது வருமானம்தான், ஆனா மீன்பிடித் தொழில்னு வேற தலைப்புல ஏறும். காடு தடுத்த நஷ்டம் எந்தப் பக்கத்துலயும் இல்லை. நாளைக்கு யாராவது அதை வெட்டி இறால் பண்ணை போட்டா, அன்னைக்குத்தான் அந்த நிலம் முதல் தடவையா நோட்டுக்குள்ள வரும், வளர்ச்சிங்கிற பேர்ல.

ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லிடணும். மூணு கிராமத்தை வச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனா 2009-ல சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ரெண்டு பேரும் அதே புயலை கேந்திரபாரா மாவட்டத்துல 400-க்கும் மேற்பட்ட கிராமங்கள்ல பார்த்தாங்க. கடலுக்கும் ஊருக்கும் நடுவுல காடு எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்குச் சாவு குறைஞ்சிருந்துச்சு. அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுச்சு: காட்டை விட அதிக உயிரைக் காப்பாத்தினது அரசாங்கத்தோட முன்னெச்சரிக்கை. காடு இருக்கேன்னு அரசாங்கம் சும்மா உட்கார்ந்துட முடியாது. இதை விட்டுட்டு முதல் பாதியை மட்டும் ஷேர் பண்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

அப்போ கடைசிப் பக்கத்தை எழுதுறது எப்படி? அதுக்கு ஒரு முறை இருக்கு. 2021 மார்ச்ல ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சூழலியல் கணக்குக்குன்னு ஒரு சட்டகத்தை ஏத்துக்கிச்சு. அதை உருவாக்கின காலத்துல அஞ்சு நாடுகள்ல சோதனை பண்ணிப் பார்த்தாங்க, இந்தியாவும் அதுல ஒண்ணு. மத்த நாலு பிரேசில், சீனா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா. கடலை மட்டும் தனியா எடுத்துக் கணக்குப் போடுற வேலையை ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் சோதனை முறையில ஆரம்பிச்சிருக்காங்க.

முறை என்னன்னா, முதல்ல பரப்பு. எத்தனை ஹெக்டேர் அலையாத்தி, எத்தனை ஹெக்டேர் கடற்புல், எத்தனை பவளப்பாறை. அப்புறம் நிலைமை. காடு அடர்த்தியா இருக்கா, பவளம் வெளுத்துப் போச்சா. அதுக்கப்புறம்தான் அது என்ன வேலை செய்யுது, அந்த வேலைக்கு என்ன ரூபான்னு வரும். பேப்பர்ல தலைப்பா வர்றது எப்பவும் கடைசியா வர்ற ரூபா எண். என்னைக் கேட்டா முதல் ரெண்டு அட்டவணையிலதான் உயிர் இருக்கு.

ஏன்னு சொல்றேன். இந்தியாவோட அலையாத்திப் பரப்பு சுமார் 4,990 சதுர கிலோமீட்டர். இந்திய வன ஆய்வு நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சாட்டிலைட் படத்தை வச்சுக் கணக்கு சொல்லும். மொத்தம் பெருசா மாறலைன்னு வந்தா நாம நிம்மதி ஆயிடுறோம். ஆனா ஒரு மாநிலத்துல பழைய காடு போயி, இன்னொரு மாநிலத்துல நட்ட கன்னு வளர்ந்தாலும் மொத்தம் அதேதான் வரும். அம்மா நோட்டுல 'எட்டு சவரன்'னு மட்டும் எழுதாம எந்த நகைன்னு எழுதினதுக்குக் காரணம் இருக்கு. அதனாலதான் எங்க இருக்கு, எந்த நிலைமையில இருக்குன்னு பிரிச்சு எழுதணும்.

கொழும்புக்குப் பக்கத்துல நடந்ததை யோசிங்க. 2021 மே மாசம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடிச்சு, ஜூன்ல மூழ்குச்சு. இலங்கையோட மேற்குக் கரை முழுக்க அரிசி மாதிரி பிளாஸ்டிக் மணிகள். மீனவர்களைக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு நிறுத்தி வச்சாங்க. 2025 ஜூலையில இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லுச்சு. இப்படி ஒரு வழக்கு எங்க நடந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "இதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?" நகை திருட்டுப் போச்சுன்னு ஸ்டேஷனுக்குப் போனாலும் அதைத்தானே கேப்பாங்க. விபத்துக்கு அப்புறம் உட்கார்ந்து பழைய இருப்பை எழுத முடியாது.

ரூபா எண்ணுக்கு வர்றேன். இதுலதான் எனக்குச் சண்டை.

ஒரு காடு புயல்ல இருந்து காப்பாத்துறதுக்கு என்ன மதிப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஒரு வழி, அது இல்லைன்னா எவ்வளவு சொத்து சேதமாகும்னு பார்க்கிறது. அப்போ ஒரே மரம், ஒரே அகலக் காடு, அதுக்குப் பின்னாடி ரிசார்ட் இருந்தா மதிப்பு கோடிகள்ல வரும். ஓலைக் குடிசை இருந்தா ஆயிரங்கள்ல வரும். ஒடிசா எண்களைத் திரும்பப் பாருங்க. 33 டாலர்ங்கிறது காடு காப்பாத்தினதால மட்டும் சின்ன எண்ணா இல்லை, அந்த மக்கள்கிட்ட இழக்கறதுக்கே கொஞ்சம்தான் இருந்துச்சு. கடைசிப் பக்கத்தையும் ரூபாவுல மட்டும் படிச்சா, 'ஏழைங்க இருக்குற கரையில காடு தேவையில்லை'ன்னு ஒரு ஆபீசர் முடிவெடுக்க நாமளே பேப்பர் கொடுத்த மாதிரி ஆயிடும்.

மீன் கணக்கு இன்னும் விசித்திரம். கடல்ல இருக்குற மீன் வளத்துக்கு மதிப்பு போடுறப்போ, பிடிச்ச மீன் வித்த காசுல இருந்து டீசல், வலை, கூலி, போட்டுக்கான செலவு எல்லாத்தையும் கழிப்பாங்க. மிஞ்சினதுதான் கடலோட பங்கு. யார் வேணா எத்தனை போட் வேணா விடலாம்னு இருக்குற கடல்ல, போட்டி போட்டுச் செலவு ஏறி ஏறி மிச்சம் பூஜ்யத்துக்கு வந்துடும். அப்போ கணக்கு சொல்லும், இந்த மீன் வளத்தோட மதிப்பு பூஜ்யம்னு. அந்த மீனை நம்பி ஊர் ஊரா குடும்பங்கள் இருக்கும், நோட்டுல பூஜ்யம். கணக்கு தப்பு இல்லை. நாம கடலை நடத்துற விதத்தை அது அப்படியே காட்டுது. ஆனா பூஜ்யத்தைப் பார்க்கிறவர் 'அப்போ இங்க துறைமுகம் கட்டலாமே'ன்னு நினைச்சா என்ன பண்றது?

இதெல்லாம் தெரிஞ்சும் எழுதணும்னு ஏன் சொல்றேன்னா, எழுதினதால ஜெயிச்ச கதை நம்ம ஊர்லயே இருக்கு. தொண்ணூறுகள்ல தமிழ்நாடு, ஆந்திரா கடற்கரையில இறால் பண்ணைகள் மளமளன்னு வந்துச்சு. வயலும் குடிதண்ணியும் உப்பாகுதுன்னு நாகப்பட்டினம் பக்கம் காந்தியவாதி ஜெகந்நாதன் போராடி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். நீதிமன்றம் 'நீரி' நிறுவனத்தை ஆராயச் சொல்லுச்சு. இறால் பண்ணைல வர்ற வருமானத்தை ஒரு பக்கமும், பாழாகுற நிலம், தண்ணி, போற வேலை எல்லாத்தையும் இன்னொரு பக்கமும் வச்சு எழுதினாங்க. நஷ்டம்தான் பெருசா இருந்துச்சு. 1996 டிசம்பர் 11 தீர்ப்புல, கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள்ள இருந்த பண்ணைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. 2005-ல புதுச் சட்டம் கொண்டு வந்து பண்ணைகளுக்குத் திரும்ப வழி விட்டாங்க, அது வேற கதை. ஆனா நடுவுல இருந்த அந்த வருஷங்கள்ல அந்த ஊர்க்காரங்க கையில ஒரு பேப்பர் இருந்துச்சு.

அந்தக் கணக்கை, வழக்கு வந்த பிறகு ஒரு தடவை எழுதினாங்க. இப்போ பேசுறது வருஷா வருஷம், வழக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைக்கிறதைப் பத்தி. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 'என்விஸ்டாட்ஸ் இந்தியா'ன்னு சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிடுது. காசு இல்லாம டவுன்லோட் பண்ணலாம். அட்டவணைகள் தலையைச் சுத்தும், எனக்கும் சுத்துச்சு. முழுசாப் படிக்க வேண்டாம். உங்க கடற்கரை எதுவோ, எண்ணூரோ தூத்துக்குடியோ ராமேஸ்வரமோ, அதுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கான்னு மட்டும் தேடிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஏப்ரல் 15-ல ஆரம்பிக்கிற 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பத்திப் பேசுறோம். இன்னைக்குச் சொன்ன அந்தப் பூஜ்யத்தை அது மாத்துதான்னு பார்ப்போம்.