தீவின் அறிவு கரையேற வேண்டும்
(சிறுதொழில் முனைவோரிடையே நிகழ்த்தப்பட்ட உரை)

ஸ்ரீஹரிகோட்டாவின் தலைவாயில் சூளூர்பேட்டை. 1971 அக்டோபர் 9 அன்று அத்தீவிலிருந்து முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. 1980-இல் எஸ்.எல்.வி.-3 வெற்றி கண்டது. விண்ணை எட்டிய அந்தத் தொழில்நுட்பம், பழவேற்காடு ஏரியைக் கடந்து இவ்வூர்ப் பட்டறைகளை எந்த அளவுக்கு எட்டியுள்ளது என்பதே ஆராயத்தக்க வினா.

தொழில்கள் ஓரிடத்தில் திரள்வதால் விளையும் பயன்களை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே விளக்கினார்: தேர்ந்த தொழிலாளர் கிடைப்பர், துணைத் தொழில்கள் வளரும், தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். கோவையின் பம்புத் தொழிலும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் இதற்குச் சான்றுகள். அங்கே தொழிலாளி பட்டறையில் கற்றுக்கொண்டு தனிப் பட்டறை தொடங்குவான். பாதுகாப்பு வேலிக்குள் இயங்கும் ஏவுதளத்தில் அது தானாக நிகழாது. அருகில் இருப்பதாலேயே குழுமம் உருவாகிவிடாது. பாலம் அமைப்பது அரசின் கடமை.

இப்போது வாய்ப்பு கனிந்துள்ளது. விண்வெளித் துறையில் தனியாரை ஊக்குவிக்க 2020-இல் 'இன்-ஸ்பேஸ்' அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் 2022-இலும், அக்னிகுல் நிறுவனத்தின் சோதனை ராக்கெட் 2024-இலும் இத்தீவிலிருந்தே பறந்தன. தெற்கே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வளர்ந்துள்ளது. திருப்பதியில் 2015 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது.

ஆயினும், கடைசல் பட்டறை ஒன்று நுண்ணிய பாகத்தைக் கடைந்து தந்தாலும், உலோகச் சோதனைச் சான்றும் அளவுச் சான்றும் இன்றி அது ஏற்கப்படாது. சோதனைக் கருவிகளைத் தனியொரு சிறுதொழிலர் வாங்க இயலாது. இக்குறையைப் போக்கவே குறு, சிறு தொழிற்குழும வளர்ச்சித் திட்டத்தில் பொது வசதி மையங்கள் இடம்பெற்றன. 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, 5 முதல் 10 கோடி ரூபாய் மதிப்பிலான மையத்துக்கு மத்திய அரசின் மானியம் 70 சதவீதம். எஞ்சியதைத் தொழில் முனைவோரும் மாநில அரசும் திரட்ட வேண்டும்.

மானியம் கட்டடத்தை எழுப்பும், வேலையைக் கொணராது. ஆர்டர் இல்லாத மையத்தில் இயந்திரங்கள் உறங்கும். ஆகவே, எந்தப் பாகம், எத்தனை, எந்தத் தரத்தில் தேவை என்பதைப் பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். அதற்கேற்பத் தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடங்கள் அமையவேண்டும். சிறுதொழிலர்களுக்கான பணம் தாமதமின்றி வழங்கப்படவேண்டும்.

ராக்கெட் எழும்போது அண்ணாந்து பார்க்கும் இளைஞன், அதன் ஒரு பாகம் தன் கைவினை என்று சொல்லும் நாளே இக்கொள்கை வெற்றிபெற்ற நாளாகும்.