ஐம்பத்தொன்பது அன்னங்கள்



இலக்கியத் தொடரிலே பறவை பார்ப்போரைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் எண்ணலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்தின் பெருங்கவிஞர் யேற்ஸ் 1917ஆம் ஆண்டு 'கூலின் காட்டு அன்னங்கள்' என்றொரு கவிதையை வெளியிட்டார். கூல் என்பது மேற்கு அயர்லாந்தின் கோல்வே மாவட்டத்திலுள்ள ஓரிடம். அங்குள்ள ஏரியில் மிதக்கும் அன்னங்களைக் கவிஞர் எண்ணுகிறார். ஐம்பத்தொன்பது! இணையாக வாழும் பறவைகளுக்கு ஒற்றை எண் எப்படி வந்தது? துணையற்ற அந்த ஒன்று கவிஞரின் தனிமையே என்று உரை காண்பவர் உளர். நான் சொல்ல வந்தது வேறு. இவற்றை முதன்முதல் எண்ணிய காலத்திலிருந்து இது பத்தொன்பதாவது இலையுதிர்காலம் என்கிறார் அவர். பழைய எண்ணிக்கையை நெஞ்சில் வைத்து, அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் எண்ணிப் பார்த்தல். இந்தச் செயலைத்தான் அயர்லாந்தின் கிராமப்புறப் பறவைக் குழுக்கள் இன்று செய்து வருகின்றன.

1968இல் அந்நாட்டில் காட்டுப் பறவைகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. 'பேர்ட்வோட்ச் அயர்லாந்து' என்பது அதன் இன்றைய பெயர். நாட்டின் பல பகுதிகளில் அதற்குக் கிளைகள் உண்டு. உறுப்பினர்களிற் பலர் விஞ்ஞானிகள் அல்லர், ஊர் மக்களே. அங்கு வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய கிளையொன்றிற் சேர்ந்திருக்கிறார். மழைக்கோட்டு, றப்பர்ச் சப்பாத்து, பைனோகுலர், தேநீர்ப் போத்தல் ஆகிய நான்கும் இருந்தால் அங்கத்துவத்துக்குப் போதும் என்று வேடிக்கையாக எழுதினார்.

மே மாதத்தில் பொழுது புலருமுன் அவர்கள் சோலையோரம் கூடுவார்கள். இருட்டிலே கண்ணுக்கு வேலையில்லை. காதுதான் பறவையைக் கண்டுபிடிக்க வேண்டும். ரொபின் தொடங்கும், பிளக்பேர்ட் சேரும், கைப்பிடியளவே உள்ள ரென் எல்லாவற்றையும் மீறிக் கத்தும். அந்த வைகறைப் பாட்டை அயர்லாந்து வானொலி நேரடியாக ஒலிபரப்பி வந்திருக்கிறது என்பது நம்மைப் போன்ற வானொலிக்காரருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

குளிர்காலத்து வேலை வேறு. 1994இல் தொடங்கிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு செப்டெம்பர் முதல் மார்ச் வரை மாதந்தோறும் நடைபெறும். கடல் வற்றும்போது சேற்றுநிலமெங்கும் பரந்து இரை தேடும் பறவைகள், பெருக்கிலே கரையோரம் நெருங்கி ஒதுங்கும். அந்த நேரம் பார்த்து, குளிர்காற்றிலே நின்று, அவற்றை எண்ணுவார்கள். ஐஸ்லாந்திலிருந்து கடல் கடந்து வரும் அன்னங்களும் அக்கணக்கில் அடங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? கேர்லியூ என்னும் பறவையின் கதை விடை தரும். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகும், நெஞ்சை உருக்கும் குரலும் உடையது அது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரிகளிலும் இவ்வினப் பறவைகள் குளிர்காலத்தில் இரை தேடுவதுண்டு. 1980களில் அயர்லாந்தில் ஆயிரக்கணக்கான கேர்லியூ இணைகள் கூடு கட்டின. 2015 முதல் 2017 வரை தேடிப் பார்த்தபோது அயர்லாந்துக் குடியரசு முழுவதிலும் கிடைத்தவை 138 இணைகள் மாத்திரமே! சதுப்பு நிலங்களில் நீர் வடிக்கப்பட்டது. முற்றா நிலக்கரியாகிய 'பீட்' வெட்டப்பட்டது. ஊசியிலை மரங்கள் நடப்பட்டன. குஞ்சு பறக்குமுன்பே புல் வெட்டும் இயந்திரங்கள் வயலில் இறங்கின. எஞ்சிய கூடுகளை நரியும் காகமும் சூறையாடின.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. குளிர்காலத்தில் வடபுல நாடுகளிலிருந்து கேர்லியூக்கள் திரளாக அயர்லாந்துக் கரைகளுக்கு வருகின்றன. கடற்கரையில் உலாவுபவர் அவற்றைக் கண்டு, "குறைந்துவிட்டன என்கிறார்களே, இதோ நூறு நிற்கின்றனவே" என்று தேறுதல் கொள்ளலாம். உள்நாட்டில் பிறப்பன அருகிப்போவதை, கோடையிலே வயலுக்கும் சதுப்புக்கும் சென்று தேடுபவரே அறிவார். கண் கண்டது உண்மைதான். ஆனால் பருவந்தோறும் எழுதிய கணக்கே முழு உண்மையைச் சொல்லும்.

அதே யேற்ஸ், 1899இல் வெளிவந்த தொகுப்பிலே, தன் பழைய துயரைக் கிளறும் இப்பறவையை இனிக் கூவாதே என்று கடிந்துகொள்கிறார். பறவை இப்போது மௌனமாகி வருகிறது. அக்குரலை ஒருமுறையும் கேளாத ஐரிஷ் பிள்ளை அக்கவிதையை எப்படிப் படிக்கும்?

இக்கேள்வி எனக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் அன்றிலைக் கற்பிக்கும்போது, "ஐயா, அன்றில் எந்தப் பறவை?" என்று மாணவர் கேட்பர். அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. பனைமரத்து அன்றிலின் குரலைப் புலவர் பாடினர். சொல் நிலைத்தது, பறவையின் அடையாளம் நழுவிவிட்டது. துணை பிரிந்தால் உயிர் விடும் என்ற செய்தி மட்டும் உரைகளில் வாழ்கிறது. அயர்லாந்து மக்கள் தம் கேர்லியூவுக்கு அக்கதி நேராமல் இருக்கவே மழையில் நின்று எண்ணுகிறார்கள்.

கவிதையைக் காப்பது பதிப்பாசிரியர் பணி மட்டுமன்று. அதில் வரும் பறவையை உயிரோடு வைத்திருப்பவரும் அப்பணியில் பங்காளரே. நம் ஊர்க் குளக்கட்டிலும் கடனீரேரிக் கரையிலும் இந்தக் கிழமை எத்தனை பறவைகள் நின்றன என்று, ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வைக்க எந்த மாணவராலும் முடியும். பத்தொன்பது ஆண்டுகளின் பின் அந்தக் கொப்பி பேசும்.