கேஸ் ஷீட்டில் ஒரு தேதி



மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மருத்துவமனைகளுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது என் தொழில். 2019இல் இத்தகைய தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12.7 லட்சம் பேர் என்றும், அவற்றோடு தொடர்புடைய மரணங்கள் 49.5 லட்சம் என்றும் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது முதல் எண். தொற்றே வராமல் இருந்திருந்தால் என்பது இரண்டாவது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் பணக்கணக்கும் போட முடியாது.

என் மாணவப் பருவத்தில் கணக்கு எளிதாக இருந்தது. தொற்று வந்தவர் சராசரியாக எத்தனை நாள் படுக்கையில் இருந்தார், வராதவர் எத்தனை நாள்? கழித்து, ஒரு நாள் செலவால் பெருக்கிவிடுவோம். என் பேராசிரியர் ஒருநாள் கேட்டார்: தொற்று வந்ததால் அதிக நாள் இருந்தாரா, அதிக நாள் இருந்ததால் தொற்று வந்ததா? வகுப்பே வாயடைத்துப்போனது. அன்று பிடித்த கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்குப் பதினைந்தாம் நாள் கிளெப்சியெல்லா என்ற கிருமி தொற்றுகிறது என்று வையுங்கள். முந்தைய பதினான்கு நாள் செலவைக் கிருமியின் தலையில் கட்டக் கூடாது. கட்டினால் தொகை வீங்கும். நல்ல நோக்கத்துக்காகக்கூட எண்ணை ஊதிக் காட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். ஒருமுறை அது பொய் என்று தெரிந்துவிட்டால், தொற்றுத் தடுப்புக்கு ஒரு செவிலியரைக்கூட நியமிக்க நிதித்துறை சம்மதிக்காது.

மறுபக்கம், நாம் எண்ணாமல் விடுவதும் ஏராளம். அரசு மருத்துவமனையில் பில் இல்லை. அதனால் செலவே இல்லை என்று ஆகிவிடுமா? தொற்று வந்தவர் கூடுதல் நாள் இருந்த படுக்கைக்காகக் காத்திருந்து அறுவை சிகிச்சை தள்ளிப்போன இன்னொரு நோயாளி இருக்கிறார். வார்டு வாசலில் கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மகன் இருக்கிறான். அடகுக்கடைக்குப் போன கம்மல் எந்த ஆய்வு அட்டவணையிலும் ஏறுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நிலைமை மிக மோசமானால் 2030க்குள் மேலும் 2.4 கோடி பேர் கடும் வறுமையில் விழக்கூடும் என்று உலக வங்கி 2017இல் எச்சரித்தது.

ஆகவே, இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்ச்சருக்கு மாதிரி எடுத்த தேதி, தொற்று தொடங்கிய தேதி, எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யவில்லை என்பது, இந்த மூன்றையும் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதுங்கள். டிஸ்சார்ஜ் அன்று, துணைக்கு இருந்தவரிடம் எவ்வளவு செலவாயிற்று, எத்தனை நாள் கூலி போயிற்று என்று கேளுங்கள். நான் பார்த்த படிவங்களில் அதற்கென்று கட்டம் இல்லை; ஓரத்திலாவது குறித்து வையுங்கள்.