வீடு நெருங்கும் வேளை

நெடும்பயணம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் பணித்தபோது, காசிக்கோ காஷ்மீருக்கோ சென்று வந்த கதையை எதிர்பார்த்திருப்பார்கள். நான் சொல்லப் போவது அம்பாசமுத்திரத்திலிருந்து மறைமலை நகருக்கு வந்த கதை. அதிலும் கடைசி முப்பத்தைந்து கிலோமீட்டரைப் பற்றியே மிகுதியும் பேசப்போகிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. தாமிரபரணி கரைபுரண்டது. எங்கள் பழைய வீட்டின் பின்சுவரும் அம்மழையில் இடிந்து விழுந்தது. தந்தையார் மறைந்த பின்னர் அவ்வீட்டில் தனியே வாழ்ந்துவந்த என் அன்னையாரை, 2024 பொங்கலுக்குச் சென்று எங்களுடன் அழைத்துவந்தோம். "சுவரைக் கட்டிட்டுத் திரும்பி வந்திருவேன்" என்றார்கள். வர இயலாது என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காணும் பொங்கலன்று மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். முன்னிருக்கையில் என் பக்கத்தில் கல்லூரியிற் பயிலும் மகன். பின்னால் அன்னையார், மனைவி, பள்ளியிற் படிக்கும் மகள். கால்வைக்கும் இடமெல்லாம் தேங்காயும் அரிசியும் ஓர் ஆட்டுரலும். ஆட்டுரல் வேண்டாம் என்று நான் சொன்னதில் தொடங்கிய மனத்தாங்கல் மதுரை தாண்டும்வரை நீடித்தது. திருச்சிக்கு அப்பால் உண்ட இட்டிலி அதைத் தீர்த்துவைத்தது. பிறகு மகள் பாடினாள். மகன் எதிர்ப்பாட்டுப் பாடினான். அன்னையார் மட்டும் சாளரத்தின் வழியே இருளைப் பார்த்துக்கொண்டு வாய்திறவாது வந்தார்கள்.

விழுப்புரத்தருகே நள்ளிரவு கழிந்துவிட்டது. "சற்று நிறுத்தி உறங்கிவிட்டுப் போகலாமே" என்றாள் மனைவி. "இன்னும் இரண்டு மணி நேரம்; வீட்டிற் போய் உறங்கலாம்" என்றேன். வீடு நெருங்க நெருங்க மனிதனுக்கு ஒருவகைப் பிடிவாதம் வந்துவிடுகிறது. அறுநூறு கிலோமீட்டரில் ஐந்நூற்றைம்பதைக் கடந்தவன் எஞ்சியதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

மதுராந்தகம் வந்தது. ஏரி உடையாமல் இராமர் காத்ததாகவும், அதனைக் கண்ட கலெக்டர் லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர் மனமுருகியதாகவும் வழங்கும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் 1790-களில் செங்கற்பட்டுச் சீமையை ஆண்டவர். அக்கதையை மகனுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவன் குறட்டைவிட்டான். என்னுடன் பேசிக்கொண்டு வருவது அவனுக்கு இட்ட பணி! நானும் பேச்சை நிறுத்தினேன். அதன் பின்னர் நிகழ்ந்தது எனக்கு நினைவில்லை.

நினைவில்லை என்று நான் சொல்வது அணிக்காக அன்று. விழித்த கண் விழித்தபடி இருக்க, மூளை சில நொடி உறங்கிவிடுவதுண்டு. வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி உறக்கம் என்பது 100 மீட்டர் தூரம் ஓட்டுவார் இல்லாத வண்டி.

"ஏ ஐயா!" என்று அன்னையாரின் குரல் கேட்டது. இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோர மண்ணில் இறங்கிய ஓசையும் கேட்டது. எதிரே, பின்விளக்கு எரியாத ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. வண்டியை எப்படித் திருப்பினேன் என்று இன்றும் என்னால் விளக்க முடியாது. லாரியின் பின்புறத்தில் எழுதியிருந்த எழுத்துக்கள் மட்டும் கண்ணுக்குள் நிற்கின்றன.

படாளத்தருகே ஒரு தேநீர்க்கடை வாசலில் நிறுத்தினேன். கை நடுங்கிற்று. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதேனும் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்னையார்தாம் பேசினார்கள். அன்று மாலைக்குப் பிறகு அவர்கள் பேசிய முதற்பேச்சு. "உங்க அப்பா அறுப்புக் காலத்துல வண்டியிலேயே தூங்கிருவாக. மாடு தூங்காது, வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்திரும். இந்த வண்டிக்கு அது தெரியாதேய்யா?"

அன்று நான் காலை ஐந்து மணிக்கு எழுந்தவன். கடையிலிருந்த கடிகாரம் இரண்டரை காட்டிற்று. இருபத்தொன்றரை மணி நேர விழிப்பு. பதினேழு மணி நேரம் உறங்காதிருந்தவனுடைய கையும் கண்ணும் தடுமாறுவது, குருதியில் நூற்றுக்கு 0.05 அளவு சாராயம் கலந்தவனுடைய தடுமாற்றத்துக்கு ஒப்பாகும் என்று டாசன், ரீட் என்னும் இரு அறிஞர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்துள்ள எல்லை அதனினும் குறைவு. 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராம். மதுவைத் தொட்டறியாத நான், குடித்தவனுக்குச் சற்றும் குறையாத நிலையில் என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்! பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடலின் உள்கடிகாரமே உறங்கு உறங்கு என்று அடித்துக்கொண்டிருக்கும். சாளரத்தைத் திறந்துவைப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் அதன்முன் எம்மாத்திரம்? தேநீர் ஓரளவு துணைசெய்யும். அதுவும் உடலில் ஏற அரைமணி ஆகும். உறக்கத்துக்கு உறக்கமே மருந்து.

இருக்கையைச் சாய்த்து உறங்கினேன். மகன் விழித்திருந்து காவல் காத்தானாம். அவன் முகத்தில் அன்று கண்ட வாட்டத்தைப் பற்றி நான் அவனிடம் இதுவரை கேட்டதில்லை.

கிழக்கு வெளுக்கும் வேளையில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். அகன்ற மணற்பரப்பு, நடுவே ஓரிரு நீர்க்கோடுகள். அன்னையார் எட்டிப் பார்த்தார்கள். "ஆறு எங்கே?" "இதுதான் அம்மா, பாலாறு." நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சுவரை இடிச்சாலும் எங்க ஆத்துல தண்ணி உண்டு" என்றார்கள். மகள் சிரித்தாள். அன்னையாரும் சிரித்ததைக் கண்ணாடியிற் கண்டேன்.

செங்கற்பட்டின் கொளவாய் ஏரி விடியலில் பளபளத்தது. அப்புறம் சுங்கச்சாவடி, ஊர் திரும்பும் வண்டிகள் எறும்புச்சாரை போல் நின்றன. முந்தைய இரவாயிருந்தால் நான் பொருமியிருப்பேன். அன்று இருபது நிமிடம் நின்றது எனக்கு ஒரு சுமையாகவே தோன்றவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் கடந்ததும் எங்கள் ஊர்.

மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் குடியிருந்துகொண்டு 'கார்' என்று சொல்லலாமா, 'மகிழுந்து' என்றன்றோ சொல்லவேண்டும் என்று மகள் அடிக்கடி என்னைத் திருத்துவாள். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட பெருமகனார் அவர். அன்று காலை நானே முந்திக்கொண்டு, "மகிழுந்து வந்து சேர்ந்தது" என்றேன். எவரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அத்துணை அசதி.

மூட்டைகளை இறக்கினோம். ஆட்டுரலை மகன் தூக்கிச் சென்றான். மாடிப்படி ஏறப்போன அன்னையார் திரும்பிவந்து, வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். அது இன்னும் சுட்டது.

"இதுக்குத் தண்ணி காட்ட வேண்டாமாய்யா?" என்று கேட்டார்கள்.