குண்டு போடும் கோலம்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு ஒரு மணல் மேசை வாங்கி அனுப்பலாம் என்று வெளிநாட்டுச் சகோதரிகள் எழுதியிருந்தார்கள். அது என்ன மேசை என்று பலர் கேட்டீர்கள். கண்ணாடிக்குக் கீழே மெல்லிய மணல். அதில் ஓர் உருக்குக் குண்டு தானாக உருண்டு சித்திரம் போடும். அது முடிந்ததும் அடுத்த சித்திரம் முன்னையதை அழித்துக்கொண்டு வரும். அமெரிக்காவில் வைத்தியராக இருந்து கலைஞரான புரூஸ் சப்பைரோ இதை உருவாக்கி, ஓயாமல் கல்லுருட்டிய கிரேக்கக் கதை மன்னன் சிசிபஸின் பெயரை வைத்தார். 2016இல் வீட்டு மேசையாகவும் அறிமுகமானது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மணலுக்கு அடியில் சுழலும் ஒரு கை, அதில் ஒரு காந்தம், இரண்டு மோட்டார்கள். ஒரு மோட்டார் கையைச் சுற்றும். மற்றது காந்தத்தை மையத்துக்கும் விளிம்புக்குமாக நகர்த்தும். முதலாவது மட்டும் ஓடினால் வட்டம். இரண்டும் சீராக ஓடினால் சுருள். கோணமும் தூரமும்தான், வேறில்லை. காந்தம் அவசரப்பட்டால் குண்டு பின்தங்கிவிடும். விளிம்பில் ஒரு சுற்றுக்குத் தூரம் அதிகம் என்பதால், அங்கே கை மெதுவாகச் சுழல வேண்டும்.

குண்டால் கோட்டை விட்டுத் தூக்க முடியாது. இதைக் கேட்டதும் எனக்குச் சிக்குக் கோலம்தான் நினைவு வந்தது. மார்கழியில் பெரட்டுக்குப் போகுமுன் லயத்து வாசலைத் தெளித்து, கையெடுக்காமல் புள்ளிகளைச் சுற்றி வந்தார்களே எங்கள் அம்மாமார், அதே வேலை. மழை பெய்தால் அதுவும் போச்சு, மறுநாள் புதிது.

3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் வெட்டிக்கொள்ளும்படி சாதாரணச் சிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே கோட்டில் முடியும். 4 வரிசைக்கு 6 புள்ளி என்றால் இரண்டு கோடு. 4க்கு 4 என்றால் நான்கு. இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை கோடு! சென்னையில் கிவ்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதி 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதை இந்த மண்டபத்தில் சற்று உரத்தே சொல்கிறேன்.

என்னுடன் படித்த கெட்டிக்காரிகள் பலர் "கணக்கு எங்களுக்கு வராது" என்று உயர்தரத்தில் கலைப்பிரிவுக்கே போனார்கள். கலைப்பிரிவில் குறையில்லை. வராது என்ற பேச்சில்தான் எனக்குக் கோபம். விடியற்காலையில் வாசலில் போட்டது வேறென்ன?

ஆகவே, வாங்கிய மேசை வேண்டாம் என்கிறேன். அது அதிபர் அறையில் அழகுப் பொருளாக நிற்கும். பழுதானால் துணி போட்டு மூடிவிடுவார்கள். அந்தப் பணத்துக்கு மோட்டார், காந்தம், சிறு கணினிப் பலகை அனுப்புங்கள். சட்டத்தைப் பதுளைத் தச்சர் செய்வார். மணலைப் பிள்ளைகளே சலிப்பார்கள், நிரலையும் அவர்களே எழுதட்டும். முதல் மாதம் குண்டு கோணலாகத்தான் போகும். போகட்டும்.

பிற்பகல் பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.