விதைப் பயற்றின் உட்பகை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை உழவர் மனைகளில், அடுத்த போகத்துக்கென ஒதுக்கிய விதைப் பயறு பானையிலும் சாக்கிலும் காத்திருக்கும். விதைப்பு நாளில் திறந்து பார்த்தால் மணிதோறும் வட்டத் துளை, அடியில் மா. பயற்று வண்டின் வேலை இது. இவ்வண்டுக்கு 1758ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் சீனத்தின் பெயரைச் சூட்டினார். பயறு விளையும் நாடெல்லாம் அதற்குத் தாய்நாடுதான்!

பானைக்குள் வண்டு தானே பிறந்ததென்று பலர் எண்ணுவர். அன்று, பகை பெரும்பாலும் வயலிலிருந்தே வருகின்றது. முற்றிய நெற்றின்மேல் தாய்வண்டு முட்டையை ஒட்டிச் செல்கின்றது. முட்டையின் அடிப்புறத்தைத் துளைத்துப் புழு நேரே பருப்பினுள் நுழைகின்றது. ஏறத்தாழ ஒரு திங்களில் வண்டாகி வெளியேறி, உணவின்றியே அடுத்த மணிகளில் முட்டையிடுகின்றது. ஒரு துளையுள்ள மணி ஒருவேளை முளைக்கலாம், நாற்று நலிந்திருக்கும். துளை பல கண்ட மணி பெரும்பாலும் முளையாது.

வேப்பிலை இடுவது நல்ல வழக்கமே. ஆயினும் உள்ளே புகுந்துவிட்ட புழுவை அது தடுக்காது. நெற்று முற்றியவுடன் பறித்து, வெயிலில் நன்கு உலர்த்தி ஆறவிட்டு, ஒரு கிலோ விதைக்கு 5 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் பூசினால், மூச்சடைத்து முட்டைகள் அழியும். பின்னர்ப் பாத்திரத்தின் வாயை இறுக மூடுதல் வேண்டும். மாரிக் காலத்தில் வாவிக் காற்றின் ஈரம் விதையை எட்டலாகாது.