அடித்து வாங்குவது வாக்குமூலமா?

(அம்பத்தூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தூக்கமில்லை, சோறில்லை, விடிய விடிய உருட்டல் மிரட்டல். அந்த நிலையில் யாரும் "விட்டால் போதும்" என்று செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வார்கள். அது கோழைத்தனமல்ல, மனித மனத்தின் இயல்பு.

வெள்ளைக்காரனே இதை அறிந்திருந்தான். போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872லேயே சட்டம் எழுதினான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. சம்மதமின்றி மயக்க ஊசி போட்டு விசாரிக்கக் கூடாதென 2010ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஆனாலும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்டார்கள்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மில்லிலோ வயலிலோ ஒரு தோழனைப் பிடித்துச் சென்றால், பத்துப் பேர் ஸ்டேஷன் வாசலுக்குப் போங்கள். வக்கீலை அழையுங்கள். 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தக் கேளுங்கள். தனியாய் விடப்பட்டவன் மனந்தான் முதலில் உடையும்!